பன்னிரண்டாம் பங்கு

கல்யாணப் பத்திரிகை கொடுக்க யாராவது வந்தால், பெண் யார் மாப்பிள்ளை யார் என்று அவர் பார்க்க மாட்டார். பின்பக்கம் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பதைத்தான் பார்ப்பார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வரும். வந்தவர் தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருக்க, இங்கே ஒரு சுழி, அங்கே ஒரு கோடு போட்டு, "அடுத்த தங்கச்சி கல்யாணத்துக்கு அச்சடிக்கும்போது இதைக் காட்டுங்க அண்ணாச்சி" என்று பத்திரிகையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் ஊரில் பத்திரிகையைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை என்பது அவருக்கு உறைக்காது. அந்தக் கல்யாணத்துக்கும் போவார், பந்தியில் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டும் வருவார். கோபித்துக்கொண்டவர்கள்தான் என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பார்கள்.

சங்கரன்கோவில் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். எழுபதுகளின் கடைசி அது. ஒன்பது மெஷின், அதில் இரண்டு எப்போதும் ரிப்பேர். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். எங்களுக்கு அவர் சார், அவ்வளவுதான். அவருக்கு இருபத்துநாலு வயது, எனக்கு இருபத்தேழு. நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். அவரிடம் படித்த பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். வேலைக்கு மனுப்போட்டுக் காத்திருப்பவர்கள், விசைத்தறி ஆபீசில் கணக்குப் பார்ப்பவர்கள், மாப்பிள்ளை அமையும்வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று அனுப்பப்பட்டவர்கள். நான் கடைசி ரகம். எனக்கு மாப்பிள்ளை அமைய நேரமானதால் லோயர், ஹையர் பரீட்சை இரண்டையும் முடித்துவிட்டேன்.

ஒரு நாள் மேலநீலிதநல்லூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தந்தி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடி வந்தார். வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும் அவருக்கு. சார் வாங்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "தந்தி அடிச்சவன் ஒரு எழுத்தை விட்டுட்டான் அண்ணாச்சி. பாருங்க, இங்கன ஒரு எழுத்து வரணும்" என்று பேனாவை எடுத்து அந்த எழுத்தைச் சேர்த்தார். அந்த மனிதர் சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். அவருடைய அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே புறப்படவும் என்று இருந்தது. நான்தான் சொன்னேன். அவர் படியிறங்கி ஓடிய பிறகு சார் என்னிடம், "நானும் அதைத்தான்க்கா சொல்ல வந்தேன்" என்றார். பொய் இல்லை. சொல்லத்தான் வந்திருப்பார், தப்பைத் திருத்திய பிறகு.

கெட்ட மனிதர் இல்லை அவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தாளைப் பார்த்தால் அதில் உள்ள தப்புதான் முதலில் அவர் கண்ணில் படும். அந்தத் தாளில் ஒரு ஆள் நின்றுகொண்டிருப்பது இரண்டாவதாகத்தான் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவே போகிற நேரம்தான் அவருடைய குறை.

நாவல் வகுப்பு தொடங்கியது கோமதியால். எங்கள் ஊரில் கோமதி என்று கூப்பிட்டால் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இவள் நாட்டு மருந்துக்கடைக்காரரின் மூத்த மகள், இருபத்தோரு வயது, எனக்கு அடுத்த மெஷின். ஒரு நாள் பக்கம் முழுக்க ஒரு தப்பு இல்லாமல் அடித்து, சிரித்த முகத்தோடு சாரிடம் நீட்டினாள். சார் பார்த்தார். திருத்த ஒன்றும் இல்லாததால் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"இதுல என்ன எழுதியிருக்கு கோமதி?"

"தெரியாது சார். ஏதோ கடை விளம்பரம் மாதிரி இருக்கு."

அது புருஷனை இழந்த ஒரு பெண்ணுக்கு யாரோ எழுதிய இரங்கல் கடிதம். சார் ஒவ்வொருவராகக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஹையர் முதல் வகுப்பில் பாஸான நானும் இரண்டு வருஷமாக என்ன அடிக்கிறோம் என்று தெரியாமல்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் மதுரைக்குப் போனவர், பிளாட்பாரத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் நாவல் வாங்கிவந்தார். அட்டை இல்லை, முதல் இரண்டு தாளும் இல்லை. அதனால் பெயரும் தெரியாது, எழுதியவர் யார் என்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மெஷின்களுக்கெல்லாம் ரெக்சின் உறை போட்டு மூடிவிட்டு, படிக்க இஷ்டம் உள்ளவர்கள் இருங்கள் என்றார். பன்னிரண்டு பேர் இருந்தோம். புத்தகம் ஒன்றுதான். சார் பையிலிருந்து சவர பிளேடை எடுத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புத்தகத்தின் முதுகைக் கீறிப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்தார். காளிமுத்து அண்ணாச்சி, விசைத்தறி ஆபீசில் இருந்தவர், "என்ன சார், நல்ல புஸ்தகத்தைப் போயி அறுக்குதிய" என்று பதறிப்போய்விட்டார். பிறகு அவரே தறிநூல் கொண்டுவந்து கொடுத்தார். சார் ஒவ்வொரு துண்டையும் தைத்து, காக்கித்தாளில் அட்டை போட்டு, மேலே எண் எழுதினார். அதற்குப் பங்கு என்று பெயர். ஆளுக்கு ஒரு பங்கு. எனக்குப் பதினொன்று, கோமதிக்குப் பன்னிரண்டு.

சட்டம் கடுமையானது. உன் பங்கை நீ மட்டும்தான் படிக்கலாம், அடுத்தவருக்குக் காட்டக் கூடாது. அகராதியை முதல் தடவை தொடக் கூடாது. தெரியாத வார்த்தை எத்தனை வந்தாலும் பக்கத்துக்கு மூன்றுக்குத்தான் கோடு போடலாம், மற்றதை முன்னே பின்னே பார்த்து ஊகிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருவர், வரிசைப்படி, தன் பங்கில் என்ன நடந்தது என்று இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிவர வேண்டும். "புஸ்தகத்துல உள்ள வரி ஒண்ணுகூட உங்க தாள்ல இருக்கப்படாது. உங்க வார்த்தையிலதான் சொல்லணும்" என்பார். எழுதியதை அவர் திருத்துவார். திருத்திய வரியை ஐந்து தடவை எழுதி ஃபேர் காப்பி போட வேண்டும். அதன் பிறகு வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டும். மற்ற பதினோரு பேருக்கும் கதை தெரிவது அந்த வாசிப்பில்தான்.

ஒருவர் சரியாக எழுதாவிட்டால் பதினோரு பேருக்குக் கதை புரியாமல் போய்விடும் என்பதால் மானத்துக்குப் பயந்து எல்லோரும் படித்தோம். மூன்றாம் பங்குக்காரர் ஒரு பாத்திரத்தைத் தவறுதலாகக் கொன்றுவிட்டார். நாலாம் பங்கில் அந்த ஆள் காபி குடித்துக்கொண்டிருக்கிறான். அன்று நடந்த சண்டையில், ஆங்கிலத்தில் சண்டை போடுகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. சார் மூலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

கதை இதுதான். ஒரு ஆறு. ஒரு படகோட்டி. அவருடைய ஒரே மகள் ஹில்டா. எதிர்க்கரையில் ஒரு மில் முதலாளியின் பெரிய வீடு. பத்தாம் பங்கில் ஹில்டாவுக்கு அந்த வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிறது. என்னுடைய பதினோராம் பங்கில் அவள் அப்பாவின் படகிலேயே ஏறி அந்தக் கரைக்குப் போகிறாள். அந்த வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை இருக்கிறாள், வீட்டுச் சாவி அவளிடம்தான். ஹில்டாவின் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆறு தெரியும். அதோடு என் பங்கு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன என்பது கோமதிக்கு மட்டுமே தெரியும். எவ்வளவு கெஞ்சியும் அவள் சொல்லவில்லை. "சட்டம்னா சட்டம்தான்க்கா" என்று சிரித்தாள்.

அவள் முறை வருவதற்குள் அவளுக்குக் கல்யாணம் வந்துவிட்டது. இளையரசனேந்தல் பக்கம், கரிசல் காடு நிறைய உள்ள வீடு. மாப்பிள்ளை பி.யூ.சி. வரை போனவர். பத்தே நாளில் எல்லாம் முடிந்தது. பத்திரிகை கொடுக்க வந்தபோது சார் வழக்கம்போலத் திருத்திக் கொடுத்தார். கோமதி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பங்கை என்கிட்டயே வச்சுக்கிடுதேன் சார். அங்கன போயி எழுதித் தபால்ல அனுப்புதேன்" என்றாள். சார் அவளிடம் தன் முகவரி எழுதிய இன்லேண்ட் கவர்களைக் கொடுத்தார். வேறு பரிசு எதுவும் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து அவளுடைய முதல் கடிதம் வந்தது. மூன்று பக்கமும் நிரம்பி, மடிக்கிற ஓரம்வரை எழுதியிருந்தாள். சார் அதை வகுப்புக்குக் கொண்டுவந்தபோது பாதிக்கு மேல் சிவப்பாக இருந்தது. ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "கேளுங்க, கைடு படிச்சு ஒப்பிக்கிற யாராவது இப்படி எழுத முடியுமா" என்று அவரே வாசித்தார். முதலில் அவள் எழுதியது, பிறகு தான் திருத்தியது. அவள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்.

ஹில்டா விடியுமுன் நாலு மணிக்கு எழுந்திருக்கிறாள். மாட்டுத்தொழுவத்தைக் கூட்டுகிறாள். பருத்திக்கொட்டை மூட்டைகள் அடுக்கிய அறையில் அவளைப் படுக்க வைத்திருக்கிறார்கள். கதவை வெளியே தாழ் போடுகிறார்கள். அவள் ஆற்றைப் பார்த்து நாற்பது நாள் ஆகிறது. படகோட்டி ஒரு நாள் பார்க்க வந்தார். ஹில்டா காட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் அந்த அறைக்குள் இருந்து அவர் குரலைக் கேட்டாள். கூப்பிட முடியவில்லை, அத்தை கதவருகே நின்றாள்.

காளிமுத்து அண்ணாச்சி கேட்டார், "வெள்ளக்காரன் வீட்ல பருத்திக்கொட்டை மூட்டை எதுக்கு சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

"அதான் திருத்தியிருக்கேன்" என்றார் சார். பருத்திக்கொட்டை மூட்டையை அடித்துவிட்டுப் பழைய மேசை நாற்காலி என்று எழுதியிருந்தார். மாட்டுத்தொழுவம் குதிரை லாயமாகியிருந்தது. காடு தோட்டமாகியிருந்தது. காபி தேநீராகியிருந்தது. ஆங்கிலேயர் வீட்டுக் கதைக்கு எது பொருந்துமோ அது. கீழே பத்துக்கு எட்டரை மார்க். ஃபேர் காப்பி எழுதி அனுப்பவும் என்று ஒரு குறிப்பு. ஒன்றரை மார்க் குறைத்தது எதற்கென்றால், சூழ்நிலை கதையோடு ஒட்டவில்லையாம்.

வகுப்பு கலைந்த பிறகு நான் நின்றேன்.

"சார், இது புஸ்தகத்துல உள்ளதுதானா?"

"யாருக்குக்கா தெரியும்? பங்கு அவங்க கையிலல்லா இருக்கு."

"எனக்கு என்னமோ இது அவ வீடு மாதிரி தெரியுது."

அவர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். "கதையைக் கதையாப் படிக்கணும்க்கா. அவங்க பாத்த பழகின சாமானையெல்லாம் கதைக்குள்ள கொண்டாந்து வச்சிருக்காங்க. ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. அது நல்லது. ஆனா திருத்தாம விடக் கூடாது."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. என் பங்கில் நானே ஹில்டாவின் கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டியிருந்தேன், அவர்தான் அதை வெட்டினார். அத்தையிடம் சாவி இருப்பது என் பங்கிலேயே உண்டு. கோமதி எழுதியது நாவலின் முடிவா, அவளுடைய கதையா என்று சரிபார்க்க இந்த ஊரில் இன்னொரு பிரதி கிடையாது. பெயர் தெரியாத புத்தகத்தை எந்தக் கடையில் போய்க் கேட்பது? நான் வீட்டுக்குப் போய்விட்டேன். திருத்திய கடிதம் மறுநாள் தபாலில் போயிற்று.

இரண்டாவது கடிதம் ஒரு மாதம் கழித்து வந்தது. அது ரொம்பச் சின்னது. வகுப்பு இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. நான் ஒரு பருத்தி ஜின்னிங் ஆபீசுக்காக ஏதோ அடித்துக்கொண்டிருந்தேன். சார் கடிதத்தைப் பிரித்தார், பேனாவின் மூடியைக் கழற்றினார், பேனா அப்படியே நின்றது. பிறகு என்னிடம் கொடுத்தார்.

ஹில்டா படகோட்டிக்கு ஒரு கடிதம் எழுதினாள். அந்த வீட்டில் தமிழ்க் கடிதம் எல்லாவற்றையும் பிரித்துப் படிப்பார்கள், ஆங்கிலப் பாடம் என்றால் விட்டுவிடுவார்கள். அதனால் படகோட்டி அவளுக்குக் கற்றுக்கொடுத்த மொழியில் எழுதினாள். படகோட்டி அதைப் படித்தார். எழுத்தில் இருந்த தப்புகளைச் சிவப்பு மையால் திருத்தி அவளுக்கே திருப்பி அனுப்பினார். ஹில்டா இப்போது அதை ஐந்து தடவை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அவ்வளவுதான் இருந்தது.

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். பேனா மூடியை மாட்டத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். "நீங்க அன்னைக்கே சொன்னியளே" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிட என்மேல் வந்தது. நான் சொன்னேன் என்பது உண்மை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன் என்பதும் உண்மை.

அன்றே இரண்டு பேரும் கோமதியின் அப்பாவின் கடைக்குப் போனோம். சார் கடிதத்தை நீட்டினார். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இங்கிலீஷ்லல்லா இருக்கு. என்ன எழுதியிருக்கா?"

சார் தமிழில் சொன்னார். ஹில்டா, படகோட்டி என்று சொல்லும்போது அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"யாரு ஹில்டா?"

"கதையில வர்ற பொண்ணு அண்ணாச்சி. ஆனா இது கோமதி தன்னையத்தான்..."

"வெள்ளக்காரி கதைக்கு நான் போயி எம் பிள்ளையக் கூட்டியாரணுமா? என்னவே பேசுதீரு?"

நான் குறுக்கே பேசினேன். "அய்யா, நீங்க கல்யாணத்துக்கு அப்புறம் அவளைப் பாக்கப் போனியளா?"

"போனேன். போன மாசத்துக்கு முந்தின மாசம்."

"பாத்தியளா?"

"பிள்ளை காட்டுக்குப் போயிருக்குன்னாக. காப்பி குடுத்தாக. குடிச்சுட்டு வந்தேன்."

நான் முதல் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். காபியைச் சொன்னேன், கதவைச் சொன்னேன், உள்ளே இருந்து அவள் அவருடைய குரலைக் கேட்டதைச் சொன்னேன். அவர் தராசுத் தட்டில் கிடந்த திப்பிலியைத் திரும்பத் திரும்ப விரலால் ஒதுக்கினார். அவர் கேட்டுவிட்டார், அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எனக்கு இன்னும் ரெண்டு கிடக்கு வீட்ல" என்றார் கடைசியில். "மூத்தவ திரும்பி வந்துட்டான்னா அதுகளை எவன் கேப்பான்? நீயும் கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளைதானம்மா, உனக்குத் தெரியாதா? போங்க. இதை வேற யார்கிட்டயும் சொல்லாதிய." கடையில் ஆள் வந்தது. அவர் எழுந்து சுக்கு நிறுத்துக் கொடுத்தார்.

எனக்குத் தெரியாமல் என்ன? இருபத்தேழு வயதில் அது எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அதனால்தான் அவரைத் திட்டவும் வாய் வரவில்லை.

கல்யாணம் ஆகாத ஒரு ஆண் அந்த வீட்டு வாசலில் போய் நின்று அவள் பெயரைச் சொன்னால் அவள் கதி என்ன ஆகும் என்று சாருக்கே தெரிந்திருந்தது. நான் தனியாகப் போனாலும் காபிதான் கிடைக்கும். கடைசியில் அவளுடைய வழியிலேயே போவது என்று முடிவு செய்தோம். சார் சொல்லச் சொல்ல நான் கையால் எழுதினேன். படகோட்டி கடிதத்தைப் படித்துவிட்டார், இப்போதுதான் படித்தார். வெள்ளிக்கிழமையன்று முதல் படகிலிருந்து கடைசிப் படகுவரை உங்கள் கரையில் காத்திருப்பார். ஹில்டா எதையும் எடுத்து வர வேண்டாம். நாலே வரி. சார் அதைத் திரும்பப் படிக்கவே இல்லை. ஒட்டுங்கள் என்றார். அவர் படித்துப் பார்க்காமல் அந்த மாடியிலிருந்து வெளியே போன முதல் தாள் அதுதான்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். நான் வீட்டில் கோவில்பட்டியில் வேலைக்குப் பரீட்சை என்று பொய் சொல்லியிருந்தேன். அவளை அழைத்து வந்தால் எங்கே வைப்பது? என் வீட்டிலா, அவள் அப்பா வீட்டிலா, பாளையங்கோட்டையில் ஏதாவது ஹாஸ்டலிலா? பஸ்ஸில் அதைத்தான் பேசினோம். ஒன்றும் தீரவில்லை. முதலில் அவள் வரட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்த ஊர் ஸ்டாப்பில் ஒரு டீக்கடையும் ஒரு வேப்பமரமும் இருந்தன. பார்க்கிறவர்கள் ஏதாவது நினைக்கக் கூடாது என்று நான் மரத்தடியிலும் சார் டீக்கடை பெஞ்சிலும் உட்கார்ந்தோம். ஒருவரையொருவர் தெரியாதவர்கள். ஊருக்குள் போகும் பாதை கரிசல் காட்டுக்கு நடுவே நேராகத் தெரிந்தது. எந்தப் பெண் தலை தெரிந்தாலும் நான் எழுந்து நிற்பேன். அவரும் எழுந்து நிற்பார். புல்லுக்கட்டுக்காரி போவாள், சந்தைக்காரி போவாள். நாங்கள் உட்காருவோம். டீக்கடைக்காரர் சாரிடம், "யாரைப் பாக்கணும் ஒமக்கு? வீட்டுப் பேரு சொல்லும், காட்டுதேன்" என்று இரண்டு தடவை கேட்டார். வீட்டின் பெயர் தெரிந்தும் சார், "பஸ்ஸுக்குத்தான் அண்ணாச்சி" என்றார். கண்முன்னே ஆறு பஸ் போயிற்று. கடைசி பஸ்ஸில் ஏறித் திரும்பினோம். சங்கரன்கோவில் வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

பத்து நாள் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே பன்னிரண்டாம் பங்கு, காக்கி அட்டை கசங்காமல். அதன்மேல் நோட்டுத்தாள்கள். அவளுடைய ஃபேர் காப்பி.

சார் திருத்திய ஒவ்வொரு வரியையும் அவள் ஐந்து தடவை எழுதியிருந்தாள். ஹில்டா பழைய மேசை நாற்காலி போட்ட அறையில் படுக்கிறாள், ஐந்து தடவை. ஹில்டா குதிரை லாயத்தைக் கூட்டுகிறாள், ஐந்து தடவை. ஹில்டா தோட்டத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லித் தேநீர் கொடுத்தார்கள், ஐந்து தடவை. ஒரு தப்பு இல்லை. அழகான எழுத்து. கடைசித் தாளின் அடியில் மட்டும் அவளாக எழுதியது இருந்தது. வீட்டுக்காரர் படகோட்டியின் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்து ஞாயிற்றுக்கிழமைதான் பிரித்துப் படித்துவிட்டுக் கொடுத்தார். படகு வெள்ளிக்கிழமையே போயிருக்கும். யார் இந்தப் படகோட்டி என்று வீட்டில் கேட்கிறார்கள். இனிமேல் ஹில்டாவுக்கு எழுத வேண்டாம். பாடம் முடிந்துவிட்டது, புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

சார் அந்தத் தாள்களை அடுக்கிச் சமன் செய்தார். பிரித்தார், மறுபடி அடுக்கினார். "எல்லாம் சரியா எழுதியிருக்காங்கக்கா" என்றார். பிறகு மெஷின் ஒன்றின் ரெக்சின் உறையின்மேல் தலையை வைத்து அழுதார். நான் மாடிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே படியில் போய் உட்கார்ந்தேன். கீழே ஜவுளிக்கடையில் யாரோ சேலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு வகுப்பு அதோடு நின்றது. இன்ஸ்டிடியூட் நடந்தது. ஆனால் அவர் திருத்துவதை விட்டுவிட்டார். மனு எழுதிக்கொண்டு வருபவர்களின் தாளை அப்படியே, தப்போடு தப்பாக, ஒரு எழுத்து மாற்றாமல் அடித்துக் கொடுப்பார். "தப்பு இருந்தா பாத்து அடிங்க சார்" என்று கெஞ்சுவார்கள். "நீங்க சொன்னது இதானே" என்பார். மனுக்கள் திரும்பி வந்தன. ஆட்கள் வேறு இடத்துக்குப் போனார்கள். இப்படியும் யாருக்கும் உதவாமல் போக முடியுமா என்று நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே இருப்பார். யார் எந்தத் தாளோடு வந்தாலும் அதை வாங்காமல், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று முதலில் கேட்பது மட்டும் அவரிடம் புதிதாக வந்திருந்தது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரிடமும் அப்படியே கேட்டுத் திட்டு வாங்கினார்.

கோமதியை ஏழெட்டு வருஷம் கழித்து ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பார்த்தேன். இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். "நல்லா இருக்கேன்க்கா" என்றாள் தமிழில். வேறெதுவும் பேச நேரம் இல்லை. அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்கு வேலை கிடைத்துத் திருநெல்வேலிக்குக் கிளம்பியபோது சாரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அந்த வேலை ஆங்கிலக் கோப்புகளைப் படித்துச் சுருக்கி எழுதுகிற வேலை. அவர் பிளேடால் கீறிய அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் எனக்கு அது கிடைத்திருக்காது. அதைச் சொன்னேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து பன்னிரண்டாம் பங்கை எடுத்தார். அத்தனை நாளும் அவர் அதைப் பிரிக்கவில்லை.

"நீங்க படிங்கக்கா. என்ன நடந்துச்சுன்னு எனக்கு எழுதி அனுப்புங்க. சட்டம்னா சட்டம்தானே."

பஸ்ஸில் படித்தேன். பதினெட்டுப் பக்கம். ஹில்டா அந்த வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. கடிதம் எதுவும் எழுதவில்லை. ஒரு நாள் காலையில் படகோட்டி தன் கரையில் நின்று அந்த ஜன்னலைப் பார்க்கிறார். திரை ஒரு வாரமாக மூடியே இருக்கிறது. அது போதும் அவருக்கு. படகை எடுத்துக்கொண்டு போகிறார், கதவைத் தட்டுகிறார், தேநீரை வேண்டாம் என்கிறார், மகளை அழைத்துக்கொண்டு வருகிறார். கடைசிப் பக்கத்தில் கோமதி போட்ட பென்சில் கோடு மூன்று இருந்தது. தெரியாத வார்த்தை மூன்றுக்குத்தான் கோடு போடலாம் என்ற சட்டப்படி.

அவள் இதைப் படித்துவிட்டுத்தான் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள்.

சாருக்கு நான் எழுதவில்லை. இரண்டு தடவை தாள் எடுத்து உட்கார்ந்தேன். என் பங்கில் என்ன நடந்தது என்று கேட்டு அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அதற்கும் பதில் போடவில்லை.